பயம் போன ஞாயிறு

என் நாத்தனாரை ஆஸ்பத்திரியில் ‘ஒத்தக்குத்து’ என்று கூப்பிடுவார்கள். பெயரைக் கேட்டால் சண்டைக்காரி என்று தோன்றும். ஆள் அப்படியில்லை. தெருவில் நாய் குரைத்தால் எனக்குப் பின்னால் வந்து நின்றுகொள்கிற ரகம். பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பது அவள் வேலை. மற்றவர்கள் நாலு இடத்தில் குத்திப் பார்த்து, நரம்பு கிடைக்காமல், நோயாளியும் அழுது தாங்களும் அழுகிற நிலைக்கு வந்தபிறகு இவளைக் கூப்பிடுவார்கள். வருவாள். நீல ரப்பர் பட்டையைக் கையில் கட்டுவாள். இரண்டு விரலால் தடவுவாள். உதடு மட்டும் அசையும், அது ஜெபம். பிறகு ஒரே குத்து. பிறந்து மூன்று நாளான குழந்தைக்கும் சரி, எழுபது வயதுக் கிழவருக்கும் சரி, இரண்டாவது குத்துக்கு வேலை வைத்ததில்லை.

எனக்கும் ஆண்டவர் ஒன்று கொடுத்திருக்கிறார், குரல். சபைப் பாட்டுக்குழுவில் முதல் வரிசை நான். மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும். வீட்டிலும் அப்படித்தான் என்று என் கணவர் சொல்வார், அதை விடுங்கள். அவருடைய தங்கைதான் இவள். கல்யாணம் வேண்டாம் என்று எங்களோடேயே இருந்துவிட்டாள். பதினேழு வருஷமாக ஒரே சமையலறையில் இடித்துக்கொள்கிறோம்.

அவள் வேலைக்கு ஒரு முறை வைத்திருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று முதலில் பெயர் கேட்பாள். “நீங்கதானே இன்னார்?” என்று கேட்க மாட்டாள். அரைத்தூக்கத்தில் கிடக்கிறவர்கள் எதற்கும் தலையாட்டிவிடுவார்களாம். “உங்க பேர் சொல்லுங்க” என்பாள். அவர்கள் வாயிலிருந்தே வரவேண்டும். அதன்பிறகு ரத்தம். குழாயில் ரத்தம் விழுந்ததும், அங்கேயே நின்று பெயர்ச்சீட்டை ஒட்டுவாள். சீட்டு ஒட்டாத குழாயோடு கட்டிலைவிட்டு ஓர் அடி நகர மாட்டாள். கூட வேலை செய்கிறவர்கள் எல்லாம் லேப் மேஜையிலேயே, பட்டியலைப் பார்த்து, வெறும் குழாய்களில் வரிசையாகச் சீட்டு ஒட்டி எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போவார்கள். அதற்குத் தடை உண்டு, ஆனால் எல்லோரும் செய்வார்கள், நேரம் மிச்சம். இவள் மட்டும் செய்ததில்லை.

காரணம் பயம். அதைச் சொல்லாமல் அவளைப்பற்றிச் சொல்ல முடியாது. தினமும் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் குளியலறையில் குமட்டுகிற சத்தம் கேட்கும். விரல்கள் ஜில்லென்று இருக்கும். காபி டம்ளர் தட்டில் கடகடவென்று ஆடும். “பதினேழு வருஷமா குத்துறே, இன்னும் என்னடி நடுக்கம்?” என்று கேட்பேன். “அது அவங்க ரத்தம் அண்ணி, என் கையில இருக்கு” என்பாள். அதற்குமேல் விளக்கம் வராது. எனக்கு எரிச்சலாக இருக்கும். காலையில் எழுந்து ஒரு மனுஷி நிம்மதியாகப் பாட்டுப் பழக முடியாத வீடு.

எங்கள் சபையில் வருஷத்துக்கு ஒரு ஞாயிறு, அவரவர் தொழிலுக்கான சாமானைக் கொண்டுவந்து பலிபீடத்துக்கு முன்னால் மேஜையில் வைப்போம். தையல்காரர் கத்தரிக்கோல் வைப்பார். கொத்தனார் தூக்குக்குண்டு வைப்பார். டீச்சர் சாக்பீஸ் டப்பா வைப்பார். நீர் தந்த தாலந்து, இந்தத் திறமை, உமக்கே என்று எல்லோரும் சேர்ந்து ஜெபிப்போம். யாராவது ஒருவர், ஆண்டவர் தன் தொழிலில் செய்ததை மைக்கில் சாட்சியாகச் சொல்வார். அந்த வருஷம் ஒரு மாதத்துக்கு முன்பே ஓர் அட்டை கொடுத்து, உங்கள் தாலந்து என்ன என்று எழுதச் சொன்னார்கள். நான் இரண்டு பக்கமும் எழுதினேன். இவள் வெறும் அட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள். நான் பிடுங்கி, ‘ஊசி குத்துவது’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். விளையாட்டுக்குத்தான் எழுதினேன்.

போதகர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கே வந்துவிட்டார். இந்தத் தடவை சாட்சி நீதான் சொல்ல வேண்டும் என்றார். இவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

“எனக்குப் பயம் பாஸ்டர். வேலைக்குப் போறதே பயந்துகிட்டேதான்.”

“வேதத்துல வர்ற கதையில பயந்து போனவன்தான்மா எஜமான் கொடுத்ததைக் குழி தோண்டிப் புதைச்சான். பயம் அவர்கிட்டேயிருந்து வர்றதில்ல. கேளு, எடுத்துப் போடுவார்.”

“கேளுடி. உன் பயத்தைப் பார்த்து எங்களுக்கே ஜுரம் வருது” என்று நானும் ஒத்து ஊதினேன். அவள் கேட்டாள். மூன்று வாரம், ஒருவேளைச் சாப்பாட்டை விட்டு, பக்கத்து அறையில் முழங்காலில் நின்று, “இந்தப் பயத்தை எடுத்துப் போடும் ஆண்டவரே” என்று கேட்டாள். சுவர் வழியாக எனக்குக் கேட்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் குளியலறையில் சத்தமே இல்லை. அவள் வந்து உட்கார்ந்து காபி குடித்தாள். டம்ளர் ஆடவில்லை. என் கையைப் பிடித்தாள், அவள் விரல் சுடச்சுட இருந்தது. “அண்ணி, இன்னைக்குப் பயமே இல்ல” என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. நான் ஸ்தோத்திரம் சொன்னேன். வாய்விட்டு, உரக்கவே சொன்னேன்.

அவளுக்கு மூன்று மணிவரை டியூட்டி. ஐந்தரைக்கு ஆராதனை. பன்னிரண்டு மணிக்கு நான் போன் செய்தேன். துணி இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன், சாட்சியை இரண்டு தடவையாவது எனக்குச் சொல்லிக்காட்ட வேண்டும், சீக்கிரம் வந்து சேர் என்று விரட்டினேன். வந்துவிட்டாள், இரண்டரைக்கே. எப்படி இவ்வளவு சீக்கிரம் என்று நான் கேட்கவில்லை.

சபை நிறைந்திருந்தது. அவள் தன் நீல ரப்பர் பட்டையைச் சுருட்டிக் கத்தரிக்கோலுக்கும் சாக்பீஸ் டப்பாவுக்கும் நடுவில் வைத்தாள். மைக்கைப் பிடித்தாள். குரல் நடுங்கவில்லை. நான் முதல் வரிசையில் அவளுக்குப் பத்தடி தூரத்தில் இருந்தேன், பெருமையில் பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்தேன். முதல் நாள் ஊசி பிடித்த கதையைச் சொன்னாள். குழந்தைகளைப் பற்றிச் சொன்னாள். தன் முறையைப் பற்றிச் சொன்னாள். “பேர் கேக்காம நான் யார் கையையும் தொட மாட்டேன்” என்றாள். சிலர் ஆமென் சொன்னார்கள்.

“வார்டுல சந்தோஷமும் உண்டு” என்று தொடர்ந்தாள். “இன்னைக்கு மத்தியானம் பொம்பளைங்க வார்டுல பதினொண்ணாம் கட்டில், பன்னெண்டாம் கட்டில். ரெண்டு பேருக்கும் ரத்தம் ஏத்தணும், அதுக்குக் குரூப் பார்க்க எடுத்தேன். எடுத்து முடிச்சுக் கிளம்புறேன், பன்னெண்டுல இருந்த அக்கா சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க, ஜன்னல் வெளிச்சம் எனக்குக் கண்ணு கூசுதுன்னு சொன்னேன், பாவம் இவ எழுந்து கட்டிலையே மாத்திக்கிட்டா, அப்படின்னு. முன்னப்பின்ன தெரியாதவங்க, ஒருத்தருக்கொருத்தர் எவ்வளவு…”

நின்றுவிட்டாள்.

மறந்துவிட்டாள் என்று நினைத்து, நான் வாயசைத்து அடுத்த வரியை எடுத்துக்கொடுத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் இன்னைக்குப் பேர் கேக்கலை” என்றாள் மைக்கில்.

சபைக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிய ஐந்து நொடி ஆனது. அவசரத்தில், பயமில்லாத தைரியத்தில், அன்றைக்கு அவளும் லேப் மேஜையிலேயே கட்டில் எண்ணைப் பார்த்துச் சீட்டுகளை ஒட்டிக்கொண்டு போயிருக்கிறாள். பதினொன்றில் படுத்திருந்தவள் பன்னிரண்டுக்காரி. பன்னிரண்டில் இருந்தவள் பதினொன்றுக்காரி. ஒருத்தி பெயர் போட்ட குழாயில் மற்றவள் ரத்தம். அதை வைத்துத்தான் குரூப் பார்த்திருப்பார்கள், அதை வைத்துத்தான் ரத்தப்பை வரும். குரூப் மாறின ரத்தம் ஏறினால் ஆள் உயிருக்கே ஆபத்து என்று அவளே எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

“எத்தனை மணிக்கு ஏத்துவாங்க?” என்று கேட்டேன்.

“ஆறு.”

சுவர்க் கடிகாரத்தில் ஆறாக ஐந்து நிமிஷம். அவள் இறங்கி மேஜைக்குப் போய், தான் வைத்த ரப்பர் பட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். காணிக்கை வைத்ததை எடுக்கிறாளே என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். “திரும்ப ரத்தம் எடுக்கணும், வேணும்” என்று போதகரிடம் சொன்னாள். அவர் வாய் திறப்பதற்குள் நாங்கள் வாசலில் இருந்தோம்.

ரத்த வங்கிக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. வார்டு எண் பிஸி. என் ஸ்கூட்டரில் பின்னால் ஏறினாள். வழியெல்லாம் வார்டு எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டே வந்தாள். பத்து நிமிஷ தூரம்தான், ஆனால் நடுவில் ரயில்வே கேட். நாங்கள் போய் நிற்கவும் அது இறங்கவும் சரியாக இருந்தது. ஒரு சரக்கு ரயில், பெட்டி பெட்டியாக, முடிவே இல்லாமல் ஊர்ந்தது. நான் இந்தப் பக்கமிருந்தே ஜெபம் பண்ணினேன். வார்த்தை வரவில்லை, இவ்வளவு பெரிய குரலை வைத்துக்கொண்டு.

“அண்ணி.”

“என்ன?”

“சொல்லாம இருந்துடலாமான்னு ஒரு நொடி நினைச்சேன்.”

“எப்போ?”

“இப்பதான். கேட் மூடினப்போ. வேலை போயிடும் அண்ணி. கேஸ்கூட போடுவாங்க. ஒருவேளை ரெண்டு பேரும் ஒரே குரூப்பா இருந்தா?”

அதே எண்ணம் எனக்குக் கோயில் வாசலிலேயே வந்துவிட்டது என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை. கேட் தூக்கியதும் வண்டியை விரட்டினேன்.

ஆறு பதினெட்டுக்கு வார்டுக்குள் ஓடினோம். பன்னிரண்டுக்காரி தூங்கிக்கொண்டிருந்தாள், அவளுக்கு இன்னும் ஆரம்பிக்கவில்லை. பதினொன்றுக்காரியின் தலைமாட்டில் சிவப்புப் பை தொங்கியது. குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. பையில் கால்வாசி காலி.

என் நாத்தனார் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேராகப் போய்க் குழாயின் சக்கரத்தைத் திருகி மூடினாள். டியூட்டி சிஸ்டர் பாய்ந்து வந்தார்.

“யாரைக் கேட்டு மூடினே? டியூட்டி முடிஞ்சு போனவதானே நீ?”

“ரத்தம் மாறியிருக்கு சிஸ்டர். நான்தான் மாத்திட்டேன். டாக்டரைக் கூப்பிடுங்க. லேப் மேடத்தையும் கூப்பிடுங்க.”

சிஸ்டர் முகத்தில் கோபம் போய்ப் பயம் வந்தது. அவரும் ஓடினார். அப்போது பார்த்துக் கட்டிலில் இருந்த பெண் கண்ணைத் திறந்து, “எனக்குக் குளிருதே” என்றாள்.

என் உயிர் பாதி அங்கேயே போய்விட்டது. குரூப் மாறினால் முதலில் வருவது குளிர் ஜுரம். டாக்டர் வந்தார், சூடு பார்த்தார், நாடி பார்த்தார், மறுபடியும் சூடு பார்த்தார். என் நாத்தனார் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கம்பியே ஆடியது. கடைசியில் டாக்டர் அண்ணாந்து மேலே பார்த்தார். மின்விசிறி அந்தப் பெண்ணுக்கு நேர்மேலே, முழு வேகத்தில். அதைக் குறைத்ததும், “இப்ப பரவாயில்ல” என்றாள் அவள். யாரும் சிரிக்கவில்லை.

லேப் மேடம் வந்து எல்லாவற்றையும் கேட்டார். திட்டுவதற்கு முன்னால் வேலையைப் பார்க்கிற மனுஷி. இருவரிடமும் மறுபடி ரத்தம் எடுத்து, முதலிலிருந்து குரூப்பும் பொருத்தமும் பார்க்க வேண்டும் என்றார். அந்தப் பெண்ணின் கையில் நரம்பு சுண்டிப் போயிருந்தது. சிஸ்டர் ஒரு தடவை குத்திப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மேடம் என் நாத்தனாரைப் பார்த்து, “நீயே எடு. எங்க கண்ணு முன்னாடி எடு” என்றார்.

அவள் பட்டையை எடுத்தாள். விரல்கள் வெடவெடவென்று நடுங்கின. தினமும் காலையில் காபி டம்ளரை ஆட்டிய அதே நடுக்கம், அதைவிட நாலு மடங்கு.

“உங்க பேர் சொல்லுங்கம்மா.”

“மத்தியானம்தானே எடுத்தே? திரும்பவும் எதுக்கு?”

“மத்தியானம் நான் உங்க பேரைக் கேக்கலை. சீட்டை மாத்தி ஒட்டிட்டேன். தப்பு என்னோடதுதான். உங்களுக்கு வேற ஆளோட ரத்தக் கணக்குல பை வந்திருக்கு. அதான் நிறுத்தினேன்.”

அந்தப் பெண் அவளையே பார்த்தாள். கத்துவாள், கையை இழுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் மெதுவாகத் தன் பெயரைச் சொன்னாள். அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னாள். கையை நீட்டினாள். என் நாத்தனார் உதடு அசைந்தது. குத்தும்போது மட்டும் விரல் ஆடவில்லை. ஒரே குத்து. பெயரை எழுதி, ஒட்டி, அவளுக்கே வாசித்துக் காட்டினாள். பிறகு அடுத்த கட்டில், அதே கேள்வி.

நாற்பது நிமிஷம் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஒரு டாக்டர் கட்டிலைவிட்டு நகரவில்லை. வார்டுக் கதவு திறக்கும்போதெல்லாம் இருவரும் எழுந்து நிற்போம். அவள் பட்டையை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். விரல் நுனி நீலமாகிவிட்டது. நான் தட்டிவிட்டேன்.

லேப் மேடம் இரண்டு காகிதங்களோடு வந்தார்.

“ரெண்டு பேருக்கும் ஒரே குரூப். பையும் பொருந்துது. யாருக்கும் ஒண்ணுமில்ல.”

மேடம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீ வாயைத் திறக்காம உங்க சர்ச்சிலேயே நின்னிருந்தா இது யாருக்கும் தெரிஞ்சிருக்காது. இப்ப நான் மேலிடத்துக்கு எழுதியாகணும். புரியுதா?”

“புரியுது மேடம். எழுதுங்க” என்றாள். பிறகு வாஷ்பேசினுக்குப் போய், காலையில் எடுக்காத வாந்தியை எல்லாம் எடுத்தாள். நான் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன்.

விசாரணை நடந்தது. வேலை போகவில்லை, ஊசி போனது. ஆறு மாதம் வெளியே பதிவு ஜன்னலில் உட்கார வைத்தார்கள். வருகிறவர்களிடம் பெயர் கேட்டு எழுதுகிற வேலை. ‘ஒத்தக்குத்து’ போய் ‘பேரென்ன’ என்று புதுப்பட்டம் வந்தது. போதகர் வீட்டுக்கு வந்து, ஒரே குரூப்பாக அமைந்தது எவ்வளவு பெரிய அற்புதம், அடுத்த ஞாயிறு அதை நீ சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்றார். அவள் முதல்முறையாக அவரை மறுத்துப் பேசினாள்.

“அதை அற்புதம்னு சொல்லாதீங்க பாஸ்டர். அடுத்த தடவை எவளாவது சீட்டை முன்னாடியே ஒட்டிட்டு, அவர் பார்த்துப்பார்னு போவா.”

அவர் வாசல்வரை போய்த் திரும்பி வந்து, “நான் உன்னைத் தப்பா ஜெபிக்க வச்சுட்டேனோ?” என்று கேட்டார். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

ஆறு மாதம் கழித்து ஊசி திரும்ப அவள் கைக்கு வந்தது. அதே வாரம் எனக்குச் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். நான் போய் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினேன். காலையில் நான் ஊற்றிக் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தவள், முன்பின் பார்த்திராதவள்மாதிரி எதிரில் வந்து நின்றாள்.

“உங்க பேர் சொல்லுங்க.”

“ஏண்டி, உனக்குத் தெரியாதா? அறிவு இருக்கா?”

“பேர் சொல்லுங்க அண்ணி.”

என் பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் பட்டையைக் கட்டினாள். என் முழங்கையில் பட்ட விரல் பனிக்கட்டி.

“இன்னும் பயமா இருக்கா?” என்று, என் குரலுக்கு எவ்வளவு தாழ முடியுமோ அவ்வளவு தாழ்த்திக் கேட்டேன்.

“இருக்கு” என்றாள். “அது போயிடக் கூடாதுன்னுதான் இப்ப தினமும் கேக்குறேன்.”

ஊசியைக் கையில் எடுக்காமல், காத்துக்கொண்டு நின்றாள். நான் என் முழுப் பெயரையும் சொன்னேன்.